மொட்டைமாடி மின்வாரியம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை.

முதல் நாள் ஜாலியாகத்தான் இருந்தது. ஆபீஸ் லீவு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சகதர்மிணி ரொம்ப லட்சணமாகத் தெரிந்தாள். சும்மா இருக்காமல் அதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். "அப்ப ட்யூப்லைட்ல எப்படித் தெரியறேன்?" என்று கேட்டாள். அத்தோடு ஜாலி முடிந்தது.

இரண்டாம் நாள் செல்போன் செத்தது. மூன்றாம் நாள் ஓவர்ஹெட் டேங்க் காலி.

இங்கேதான் வேடிக்கை. கீழே சம்ப் நிறையத் தண்ணீர். தெரு நிறையவும் தண்ணீர். ஆனால் பாத்ரூம் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. மேலே ஏற்ற மோட்டாருக்கு கரண்ட் இல்லை. பன்னிரண்டு வீட்டு ஆண்பிள்ளைகளும் பக்கெட்டும் கையுமாகப் படியேறினோம்.

முதல் மாடியில் ஒரு பாட்டி. தாத்தா இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. படுக்கையில் இருக்கும் ஒரு மனுஷருக்கு நாளைக்கு எத்தனை பக்கெட் தண்ணீர் வேண்டும் என்பது எனக்கு அந்த மூன்று நாளில்தான் தெரிந்தது. ஒவ்வொரு பக்கெட்டை இறக்கும்போதும் பாட்டி, "உனக்கு எவ்வளவு சிரமம்டாப்பா... இதோட போதும்" என்பாள். போதாது என்று எனக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் சுள்ளென்று வெயில். பக்கத்து அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் வரிசையாக சோலார் பேனல்கள் பளபளவென்று மின்னின. ஆஹா! ஊரே இருட்டில் கிடந்தால் என்ன, அவர்களுக்கு ஃபேன் ஓடும், ஃப்ரிட்ஜ் ஓடும்! ஆளுக்கொரு சார்ஜரை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஊர்வலம் போனோம்.

போய்ப் பார்த்தால் அந்த வீட்டு சார் பனியனோடு விசிறி மட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார்... பேனல்?"

"அதை ஏன் கேக்கறீங்க. ஈ.பி. கரண்ட் இருந்தாத்தான் அதுவும் வேலை செய்யுமாம்."

தலைக்கு மேல் சூரியன், கூரை மேல் பேனல், கீழே கைவிசிறி. நீங்களாக இருந்தால் சிரிப்பீர்களா, அழுவீர்களா? நான் சார்ஜரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

*

இது ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். இல்லையாம். அப்படித்தான் இருக்க வேண்டுமாம்!

வீடுகளில் சாதாரணமாக வைக்கிற சோலார், ஈ.பி. லைனோடு கைகோத்து ஓடுவது. பகலில் மிஞ்சுகிற கரண்ட் நம் வீட்டிலிருந்து தெருக் கம்பிக்குப் போகும். கணக்கில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் தெருவில் சப்ளை நின்றதும் அந்த இன்வெர்ட்டர் கண நேரத்தில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். காரணம் லைன்மேன். சப்ளையை நிறுத்திவிட்டோம் என்கிற நம்பிக்கையில் அவர் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரம் நம் வீட்டுப் பேனலிலிருந்து கரண்ட் தெருக் கம்பிக்குப் பாய்ந்தால்? ஆள் காலி.

சரி, மின்சாரம் நம் வீட்டிலேயே பிறந்தாலும் நாம் இந்தப் பாடு பட வேண்டுமா? இத்தனைக்கும் ஆதியில் மின்சாரம் தெருக்கோடியில்தான் பிறந்தது. எடிசன் 1882 செப்டம்பர் 4ம் தேதி நியூயார்க்கில் பேர்ல் ஸ்ட்ரீட் மின் நிலையத்தை ஓட்டியபோது மொத்த வாடிக்கையாளர்கள் 82 பேர். விளக்குகள் 400. எல்லாம் சுற்றுவட்டாரத் தெருக்கள்தான். அவருடைய நேர்மின்சாரத்தால் அதற்கு மேல் தூரம் போக முடியவில்லை. பிறகு மாறுமின்சாரமும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்தன. வோல்டேஜை ஏற்றி எத்தனை மைல் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றானது. பெரிய நிலையமாகக் கட்டினால் யூனிட் மலிவு. அதனால் மின்சாரம் ஊரை விட்டு வெளியேறியது.

நம் கதையும் அதேதான். ஒரு காலத்தில் சென்னை நகரத்துக்குள்ளேயே, பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுத்தார்கள். அப்புறம் 1962ல் நெய்வேலி, 1970ல் எண்ணூர், 1984ல் கல்பாக்கம். அதில் லாபம் இல்லாமல் இல்லை. கிராமத்துக் கிணற்றடி வரை கம்பி போனது இந்த ஏற்பாட்டால்தான். ஆனால் ஒன்று. சுவிட்சைத் தட்டுகிறவனுக்கும் கரண்ட் தயாரிக்கிற இடத்துக்கும் சம்பந்தமே அற்றுப் போயிற்று. நான் ஏ.ஸி.யை 18ல் வைத்தால் அதன் சாம்பல் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுப்பக்கம் போய்ப் படிகிறது. மீன் பிடிக்கிறவர் இருமுகிறார். எனக்குக் கேட்பதில்லை.

*

2024 மே மாதம். அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்றேன். (எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் எழுந்தது என் முதல் தப்பு.)

"நம்ம மொட்டைமாடில சோலார் வைக்கலாம். பாட்டரியோட. கரண்ட் போனாலும் மோட்டார் ஓடும்."

கணக்கும் தயாராக வைத்திருந்தேன். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். எங்களுக்கு மூன்று கிலோவாட் வைத்தால் 300 சதுர அடி, 12 யூனிட். மோட்டார், லிஃப்ட், மாடிப்படி விளக்கு எல்லாம் சேர்ந்த பொது மீட்டர் செலவு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கட்டிக்கொண்டிருந்தோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஆரம்பித்த சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்புகளின் பொது உபயோகத்துக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். ஆக 54,000. பாட்டரிக்கு மானியம் கிடையாது. எங்களுக்கு வந்த மொத்த எஸ்டிமேட் மூன்றரை லட்சம். மானியம் போக வீட்டுக்கு ஏறக்குறைய 25,000. எட்டு, ஒன்பது வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

சொல்லி முடித்துவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டேன்.

"துணி எங்க காயப்போடறது?" என்றார் 2-பி மாமி.

"ஓட்டை போட்டா மழைத்தண்ணி என் பெட்ரூம்ல இறங்கும்" என்றார் மேல் மாடிக்காரர்.

"நான் வாடகைக்கு விட்டிருக்கேன். குளிக்கறது டெனன்ட். நான் ஏன் 25,000 தரணும்?" என்றார் ஒருவர். அவர் சொந்த வீட்டையே பார்த்து நாலு வருஷம் ஆகிறது. சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்திருந்தார்.

கடைசியாகத் தொண்டையைக் கனைத்தார் 3-டி சார். மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்து ரிட்டயரானவர். எங்கள் பில்டிங்கில் ஃபியூஸ் போனால் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம்.

"தம்பி, இந்த மாசம் 2ம் தேதி தமிழ்நாட்டோட உச்சபட்ச மின் தேவை எவ்வளவு தெரியுமா? 20,830 மெகாவாட். உன் மூணு கிலோவாட் எந்த மூலைக்கு? இந்த மாதிரி எழுபது லட்சம் மொட்டைமாடி வேணும். அதுவும் உச்சி வெயில்ல. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே ஸ்விட்சைப் போடறப்ப உன் சூரியன் எங்க இருப்பார்?"

எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன்.

"சோலார் வேணும்னா கமுதியில இருக்கே. 648 மெகாவாட், 2,500 ஏக்கர். அங்கேருந்து வரட்டுமே. எதுக்கு நம்ம தலைமேல?"

ஓட்டெடுப்பு. ஆதரவு நாலு. எதிர்ப்பு எட்டு. காபி, போண்டாவுடன் கூட்டம் இனிதே முடிந்தது.

*

தோற்றவனுக்கு ஆறுதல் வேண்டுமல்லவா? ஜெர்மனியில் ஷோனாவ் என்கிற ஊரைப் பற்றிப் படித்தேன். கருங்காட்டு மலையில் சுமார் 2,500 பேர் வசிக்கிற குட்டி ஊர். 1986ல் செர்னோபில் அணு உலை வெடித்ததும், உர்சுலா ஸ்லாடெக் என்கிற ஐந்து குழந்தைகளின் அம்மாவும், அவருடைய டாக்டர் கணவரும், இன்னும் சில பெற்றோர்களும் சேர்ந்து, 'அணுமின்சாரம் எங்களுக்கு வேண்டாம்' என்று சப்ளை கம்பெனியிடம் போனார்கள். கம்பெனி காதில் வாங்கவில்லை. 'அப்படியானால் ஊருக்குள் இருக்கிற கம்பியையே நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்' என்றார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. 1991ல் ஒரு வாக்கெடுப்பு, 1996ல் இன்னொன்று. இரண்டிலும் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கம்பிக்குக் கம்பெனி கேட்ட விலை, இவர்கள் மதிப்பிட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாடு முழுக்க நன்கொடை திரட்டினார்கள். 1997 ஜூலையில் ஊரின் மின்சாரக் கம்பி ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது. பிற்பாடு சர்ச் கூரை மேலும் பேனல் ஏறியது.

செர்னோபில்லிலிருந்து கணக்குப் போட்டால் பதினோரு வருஷம்! அதில் எஞ்சினீயரிங் கொஞ்சம்தான். பாக்கி முழுக்க அண்டை அயலாரின் வீட்டுப் படியேறிப் பேசியது.

நான் ஒரே ஒரு கூட்டத்தில், அதுவும் போண்டா வருகிற நேரத்தில் பேசிவிட்டு, உலகம் மாறவில்லை என்று கோபித்துக்கொண்டேன்.

சரி என்று நானும் படியேறினேன். முதலில் 3-டி.

சார் காபி கொடுத்தார். சோலார் பேச்சையே எடுக்கவில்லை. நானாக ஆரம்பித்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு மெகாவாட்டெல்லாம் பிரச்னை இல்ல தம்பி. நான் சர்வீஸ்ல சேர்ந்த புதுசு. ஒரு மழை ராத்திரி. நான்தான் லைனை ஆஃப் பண்ணிட்டு, 'ஏறுப்பா'ன்னேன். என் கூட வேலை பார்த்த பையன். இருபத்து நாலு வயசு. தெருக்கோடியில ஒரு கடைக்காரர் ஜெனரேட்டரைத் தப்பா மாட்டி வெச்சிருந்தார். அது லைனுக்கு ஏறிடுச்சு..."

காபி ஆறிப்போயிற்று.

"அவங்க அம்மா கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். இப்ப நீ ஊர்ல ஒவ்வொரு வீட்டு மாடியிலயும் ஒரு ஜெனரேட்டர் வைக்கலாங்கறே."

எனக்கு ஒன்றும் பேசத் தோன்றவில்லை. பக்கத்து அபார்ட்மென்ட் விசிறி சாரின் கதையை மட்டும் சொன்னேன். கரண்ட் போனதும் பேனல் தானாகவே அணைந்துபோனதை. மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிஜமாவே கட் ஆயிடுதா? எவ்வளவு நேரத்துல?"

"நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாருங்க சார்."

மறுநாள் பக்கத்து பில்டிங்கில் ஆஜர். கையில் டெஸ்டர், மீட்டர். மெயினை இறக்கினார், அளந்தார். மறுபடி ஏற்றினார், மறுபடி இறக்கினார். பத்துத் தடவையாவது இருக்கும். விசிறி சாரின் ஃப்ரிட்ஜ் பயந்துவிட்டது. திரும்பி வரும்போது, "பரவாயில்லப்பா. புத்தியுள்ள மெஷினாத்தான் இருக்கு" என்றார்.

அன்று ராத்திரி ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டு வந்தார். ஈ.பி. சப்ளை நின்றதும் முதலில் தெருக் கம்பியிலிருந்து நம் பில்டிங்கைத் துண்டித்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் பாட்டரியும் பேனலும் சேர்ந்து உள்ளே மட்டும் சப்ளை தரும். ஹைப்ரிட் இன்வெர்ட்டர் என்று பெயர். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் ஒரு கிலோவாட்தான் இழுக்கும். ஆனால் ஸ்டார்ட் ஆகிற நொடியில் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். அதைத் தாங்குகிற இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். "லிஃப்டை பாட்டரியில ஓட்டலாம்னு கனவு காணாதே. மோட்டார், மாடிப்படி லைட், மூணு பிளக் பாயின்ட். அவ்வளவுதான்."

ஜூனில் இரண்டாவது கூட்டம். இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை. சார்தான் பேசினார்.

"பெரிய நிலையத்தையெல்லாம் மூடிட்டு இந்த மூணு கிலோவாட்டை நம்புங்கன்னு நான் சொல்லல. பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு அதோட ஒரு மாடி போதாது. ராத்திரிக்கும் மழைக்கும் காத்தாலையும் பெரிய லைனும் வேணும். ஆனா எல்லாமே தூரத்துலேருந்துதான் வரணும்னா, வழியில ஒரு இடத்துல அறுந்தாலும் எல்லாருக்கும் இருட்டு. கமுதி கரண்டும் அதே கம்பியிலதான் வரணும். வீட்டுக்குள்ள ஒரு குடம் தண்ணி வெச்சுக்கறோம் இல்லையா? அதுக்காகக் குழாய்க் கனெக்ஷனை வேணாம்னா சொல்றோம்?"

"இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படுமா?" என்றது சிங்கப்பூர்.

"குஜராத்துல மொதேராவில 1,300 வீட்டுக்கு மேல ஆளுக்கு ஒரு கிலோவாட் போட்டு, ஊருக்கு வெளியே ஒரு சோலார் நிலையமும் பாட்டரியும் வெச்சிருக்காங்க. 2022லேருந்து ஓடுது" என்றார் சார். எப்போது படித்தாரோ!

துணிக் கொடி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்ந்தது. ஓட்டை போடாமல் கான்கிரீட் கட்டைகளின் மேல் பேனல்களை நிறுத்துவதாக முடிவானது. முதல் மாடிப் பாட்டி, வழக்கமாகக் கூட்டத்துக்கே வராதவள், கதவோரமாக நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புயல் வந்தாலும் மோட்டார் ஓடுமாப்பா?"

"மழை மூட்டத்துல பேனல் கால்வாசிகூடத் தராது பாட்டி. ஆனா பாட்டரியில நாளைக்கு ஒரு தடவை டேங்க் ரொப்பலாம்" என்றார் சார்.

"அது போதும்."

இந்தத் தடவை அவள் சொன்ன 'போதும்' நிஜமான போதும். ஆதரவு எட்டு, எதிர்ப்பு நாலு. ஷோனாவை விடப் பெரிய வெற்றி!

*

பரீட்சை சீக்கிரமே வந்தது. 2024 செப்டம்பர் 12 ராத்திரி. வட சென்னையில் மணலி துணை மின்நிலையத்தில் தீ. நகரத்தின் பல பகுதிகள் இருட்டில் மூழ்கின. எங்கோ பற்றிய நெருப்புக்கு எங்கள் தெருவிலும் ஃபேன் நின்றது.

எங்கள் மாடிப்படி விளக்குகள் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தன. 3-டி சார் லுங்கியோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். முதலில் அவர் பார்த்தது மோட்டாரை அல்ல. தெருவுக்குப் போகிற லைனில் மீட்டரை வைத்துப் பார்த்தார். பூஜ்யம். இன்னொரு தடவை பார்த்தார். பூஜ்யம். அப்புறம்தான் மோட்டார் சுவிட்சைத் தட்டினார். முதல் மாடியிலிருந்து, "தண்ணி வரதுடா!" என்று பாட்டியின் குரல்.

கொஞ்ச நேரத்தில் கேட்டில் நிழல். பக்கத்து பில்டிங் விசிறி சார், கையில் சார்ஜரோடு. அவர் பின்னால் இன்னும் நாலு பேர். மூன்று பிளக் பாயின்ட்டில் வரிசை போட்டு உட்கார்ந்தோம். நாலு வருஷமாக ஒரே தெருவில் இருக்கிறோம். அன்றைக்குத்தான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். கரண்ட் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தவரை எனக்கு யாருடைய பெயரும் தெரிய வேண்டியிருக்கவில்லை. பில்லைக் கட்டினால் போதும். மாடியிலிருந்து வர ஆரம்பித்ததும், பாட்டி, லைன்மேன், துணிக்கொடி மாமி எல்லோரும் அந்த லைனுக்குள் வந்துவிட்டார்கள்.

போகட்டும், இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் மாதம். கொளுத்துகிற வெயில். செல்போனில் பார்க்கிறேன், காலை பத்து மணிக்கு மேல் யூனிட் சடாரென்று இறங்கியிருக்கிறது. மறுநாளும் அதேபோல. ஒரு பேனலில் கொஞ்சம் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி அடி வாங்கலாம் என்று சார் சொல்லியிருந்தார். மரமா? டிஷ் ஆன்டெனாவா? இருவரும் மேலே ஓடினோம்.

நடுப் பேனலின் மேல் பழைய வேஷ்டி விரித்து, வரிசை வரிசையாக ஜவ்வரிசி வடாம்.

"சூடு நன்னா ஏறறதுடாப்பா. அரை நாள்ல காஞ்சுடறது" என்றாள் பாட்டி, மாடிப்படியில் நின்றபடி.

நான் வாயைத் திறப்பதற்குள் மின்வாரியம் முந்திக்கொண்டது. "இருக்கட்டும் மாமி. பேனலை விட்டுட்டு அந்தக் கான்கிரீட் கட்டை மேல விரிங்கோ, அதுவும் கொதிக்கறது" என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ரெண்டு யூனிட் நஷ்டம்னு கணக்குல எழுதிக்கோ. வடாம் வந்ததும் சரிக்கட்டிடலாம்."